பகா எண்

ரிமோட்டைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான்
பெட்டி விழிக்கிறது.
உள்ளே ஒரு சின்ன விசிறி, மாவு மில்லின் சத்தத்தோடு.
தொண்ணூற்றாறு விழுக்காடு நிரம்பிவிட்டது என்று
பத்து நாளாகச் சிவப்பில் சொல்கிறது.
சிகப்பி பதிந்துவைத்த தொடர் நேற்று பாதியில் நின்றது.
மருமகள் கதவைத் திறக்கிறாள்,
வந்தது யார் என்பது தெரியவில்லை.
"ஒண்ணு பெட்டியை மாத்துங்க,
இல்ல, வந்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் வந்த பிரிட்டோ
ஹெல்மெட்டைக் கழற்றாமலே விலை சொன்னான்.
புதியது ஒரே நேரத்தில் மூன்று சேனல் பதியும்,
வாயால் சொன்னால் கேட்கும்,
பழையதற்கு ஐந்நூறு கழிவு.
இதில் இருப்பதை அதற்கு மாற்றலாமா?
"பூட்டுப் போட்டது சார். இதுல பதிஞ்சது இதோட சரி."
பென் டிரைவில்?
"ம்ஹூம்."
பணம் கட்டாமல் சும்மா வைத்துக்கொண்டால்?
"கட்டலேன்னா பதிஞ்சதும் திறக்காது."

கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
ஆகக் குறைந்த பேக், மாதம் நூற்று ஐம்பத்து மூன்று.
வருடத்துக்கு ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு.
எல்லாம் முப்பத்தெட்டு நொடிக்காக.
நொடி ஒன்றுக்கு நாற்பத்தெட்டு ரூபாய், சில்லறை தனி.
வட்டிக்கு விட்டுப் பிழைத்த வம்சத்தில்
இப்படியோர் ஐந்தொகையை
எவனும் எழுதியிருக்க மாட்டான்.

அந்த முப்பத்தெட்டு நொடியில் சேவுகன் அண்ணன்.
வாடகைக் கோட்டு, தோளில் கொஞ்சம் பெரிசு.
வினாடி வினா, நான்காவது கேள்வி:
இவற்றுள் பகா எண் எது?
ஒன்று, ஒன்பது, பதினைந்து, பத்தொன்பது.
தேவகோட்டையில் இருபத்தாறு வருடம் கணக்கு வாத்தியார்.
யோசிக்கவே இல்லை.
"ஒன்று."
உறுதியா என்று கேட்கிறார்கள்.
"ஒண்ணை எப்படி சார் பிரிப்பீங்க?"
மத்தள ஓசை ஒன்று தடாலென்று விழுகிறது.

அந்த ஞாயிறு வளவில் உருண்டு சிரித்தோம்,
அவரும்தான், வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.
மூன்று பொங்கலுக்குப் போட்டுப் பார்த்தோம்.
நாலாவதற்கு முன் வக்கீல் வந்தார்.
இப்போது வளவின் குறுக்கே ஹாலோ பிளாக் சுவர்.
யார் செலவில் பூசுவது என்பது முடிவாகவில்லை.

டிவி முன்னால் நின்று போனில் எடுத்துப் பார்த்தேன்.
படம் கோடு கோடாக வந்தது.
அவர் வாயைத் திறக்கும் இடத்தில் குக்கர் விசில்.
இரண்டாம் முறை எடுத்ததில் என் நிழல்
அவர் கோட்டின்மேல் விழுந்து கிடக்கிறது.

டிஷ் இருப்பது அவர் பக்கத்து மொட்டைமாடியில்.
பாகப் பத்திரத்தில் அதைப்பற்றி ஒரு வரி கிடையாது.
கேட்டுவரத் தெருவைச் சுற்றிப் போன பிரிட்டோ
மீசையில் காபி நுரையோடு திரும்பினான்.
"ஏறிக்கச் சொல்லிட்டார் சார்.
பெட்டி புதுசான்னு கேட்டார். ஆமான்னேன்.
நல்லதாப் போச்சு, சீக்கிரம் மாத்துப்பா,
அந்தக் கருமம் அதோட தொலையட்டும்னார்."
சிரித்தாரா?
பிரிட்டோ கொஞ்சம் யோசித்தான்.
"அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டிருந்தார் சார்."

நூற்று ஐம்பத்து மூன்றை எண்ணிக் கொடுத்தேன்.
சிகப்பி சமையலறைக் கதவைச் சாத்திய விதத்தில்
எனக்கு இன்று இட்லி இல்லை என்று தெரிந்தது.
பார்த்து முடித்த நூற்றுப் பதினோரு பகுதிகளை
ஒவ்வொன்றாக அழித்தேன். சிவப்பு போயிற்று.

இரவு ஒன்பதரைக்கு,
சத்தத்தை முப்பதில் வைத்து
அண்ணனைப் போட்டேன்.
பூசாத சுவர். எதையும் நிறுத்தாது.
அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த செய்தி
சட்டென்று ஊமையாயிற்று.

திரும்பவும் போட்டேன்.